வாசித்த கட்டுரையைப் பற்றி எழுதுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாள்தோறும் கைபேசியில் நான்கைந்து கட்டுரைகளையாவது நாம் வாசிக்கிறோம். வாரக் கடைசியில் அவற்றுள் எது நினைவில் இருக்கிறது என்று கேட்டால், "எங்கோ படித்தேன், யாரோ எழுதியிருந்தார்" என்ற அளவில்தான் பலராலும் விடை சொல்ல முடிகிறது. வாசித்ததைப் பற்றிச் சிறு குறிப்பேனும் எழுதிவைக்கும் பழக்கம் இதை மாற்றும். இங்கே வாசிப்புக் குறிப்பு என்று நான் சொல்வது கட்டுரையின் சுருக்கத்தையோ, பத்திரிகைகளில் வரும் மதிப்புரையையோ அன்று. அந்தக் கட்டுரை என்ன சொன்னது, அதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்தவற்றில் அது எதை மாற்றியது, அதை நாம் ஏற்கிறோமா மறுக்கிறோமா, எந்தக் காரணத்தால் என்பவற்றை நம் சொற்களில் பதிவு செய்யும் எழுத்தே அது.

பதினோரு ஆண்டுகளாக இருநூறு பக்க நோட்டுகளில் இப்படிக் குறிப்புகள் எழுதிவருகிறேன். மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அவற்றில் ஒன்றிரண்டை வாசிப்பதும் உண்டு. வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் எழுதிக் கொண்டுவரும் முதல் குறிப்புகளைக் கேட்கும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிகிறது. கட்டுரையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் எழுதியவரின் சொற்களே இவர்கள் குறிப்பிலும் வந்து நிறைகின்றன, சொந்தமாகச் சொல்வதற்குக் கடைசியில் "மிக அருமையான கட்டுரை, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது. இந்தத் தடுக்கலை நீக்குவதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகக் கடந்த சில வாரங்களில் நான் வாசித்த, சென்னையின் தண்ணீர் பற்றிய மூன்று கட்டுரைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்கிறேன். இடையிடையே வேறு பொருளுக்குத் தாவினால் முறை விளங்காமல் போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாசித்த எல்லாவற்றைப் பற்றியும் எழுத வேண்டியதில்லை. ஒரு கட்டுரையை வாசித்த மறுநாள் காலையிலும் அதில் ஏதேனும் ஒரு செய்தி மனத்தில் நின்றால் அது முதல் அறிகுறி. அந்தச் செய்திக்கு அருகில் வைத்துப் பார்க்க நம்மிடமும் ஒரு அனுபவமோ, தொழில்முறை அறிவோ, வேறொரு வாசிப்போ இருந்தால் அது இரண்டாவது. இரண்டும் கூடினால் எழுதத் தொடங்கலாம். கட்டுரை கோபமூட்டியது என்பது மட்டும் காரணமாக இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கோபம் ஆறிய பின்பும் சொல்ல ஏதாவது இருந்தால் அதுவே எழுதத் தக்கது. விண்வெளி ஆய்வு பற்றிய நல்ல கட்டுரைகளையும் நான் விரும்பி வாசிக்கிறேன். ஆயினும் அவற்றைப் பற்றி நான் எழுதுவதில்லை, ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க என் கையில் எதுவும் இல்லை. தண்ணீர் விஷயம் அப்படியன்று. மடிப்பாக்கத்தில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவனுக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறையவே உண்டு.

ஒரே பொருளில் இரண்டு மூன்று கட்டுரைகள் கிடைத்தால் சேர்த்து வாசிப்பது நன்று. ஒன்றுக்கொன்று அவை முரண்படும் இடங்களில்தான் நம் சிந்தனைக்கு வேலை வரும்.

வாசிக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டியவை

கட்டுரையின் தலைப்பு, எழுதியவர், வெளியான இடம், வெளியான நாள், முகவரிச் சுட்டி, நீங்கள் வாசித்த நாள் ஆகிய ஆறையும் பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். இவற்றுள் புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது வெளியான நாளை. சென்னைத் தண்ணீரைப் பற்றி 2019 ஜூனில் எழுதப்பட்ட கட்டுரைகள் ஒவ்வொரு கோடையிலும் புதியவை போல மீண்டும் சுற்றுக்கு வருகின்றன. நாளைப் பார்க்காமல் வாசிப்பவர், பழைய நிலவரத்தை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்வார்.

நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். நான் வாசித்த மூன்று கட்டுரைகளில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் 11,257 மில்லியன் கன அடி, இன்னொன்றில் 11,757, மற்றொன்றில் 13,222. முதலில் பார்த்தபோது இரண்டு பேராவது தவறாக எழுதியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் மூன்றும் சரி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளை மட்டும் கூட்டினால் 11,257 வரும். 2020இல் பயன்பாட்டுக்கு வந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் 500ஐச் சேர்த்தால் 11,757. கடலூர் மாவட்டத்தில் உள்ள வீராணம் ஏரியின் 1,465ஐயும் சேர்த்துக்கொண்டால் 13,222. எந்த ஆண்டில், எவற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இந்த எண்களை ஒப்பிட்டிருந்தால், பிழையே செய்யாதவர்கள்மீது பிழை சுமத்தியிருப்பேன்.

சுட்டியை எழுதிவைப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்துத் தேடியபோது கிடைக்கவில்லை. ஆகவே எழுத எடுத்துக்கொள்ளும் கட்டுரையை இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்தச் சேமிப்பின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது கட்டணம் இல்லாத சேவை, ஒரு நிமிட வேலை. முடிந்தால் பிடிஎஃப் கோப்பாகவும் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளலாம். கட்டுரையை எழுதியவரே பின்னாளில் அதைத் திருத்துவதும் உண்டு என்பதால், நீங்கள் வாசித்த வடிவம் எது என்பதற்கு இதுவே ஆதாரமாகும்.

மூடிவைத்துவிட்டு எழுதுதல்

இனிச் சொல்லப்போவதுதான் இந்த முறையின் நடுநாயகம். கட்டுரையை வாசித்து முடித்ததும் மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தோ, இயன்றால் மறுநாள் காலையிலோ, கைபேசியைத் தொடாமல் நோட்டை மட்டும் எடுத்து, அக்கட்டுரையில் நினைவில் நிற்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுங்கள். எண் மறந்திருந்தால் தோராயமாகவே எழுதுங்கள். பெயர் மறந்திருந்தால் ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள். எக்காரணம் கொண்டும் கட்டுரையைத் திரும்பப் பார்க்காதீர்கள்.

இது நான் கண்டுபிடித்த முறையன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவன் பாடம் கற்கும் இயல்புகளை வரிசைப்படுத்தும்போது, "கேட்டவை நினைத்தல்" என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறார். ஓலைச்சுவடி ஆசிரியரிடம் இருக்க, கேட்டதை மாணவன் வீட்டுக்குப் போய் மனத்தில் மீட்டெடுக்க வேண்டிய காலம் அது. இன்று எந்தக் கட்டுரையையும் எந்த நேரத்திலும் திறந்து பார்க்க முடிகிறது என்பதாலேயே அந்த மீட்டெடுப்பை நாம் கைவிட்டுவிட்டோம். நாமே வலிந்து அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பத்து வரிகளை எழுதிய பிறகு கட்டுரையைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இடது பக்கத்தில் நினைவிலிருந்து எழுதியது இருக்கட்டும், வலது பக்கத்தில் கட்டுரை உண்மையில் சொன்னதை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று வகையான வேறுபாடுகள் இருக்கும். சில செய்திகள் முழுதாக மறந்துபோயிருக்கும். சில செய்திகள் உருமாறியிருக்கும். கட்டுரையில் இல்லாத சிலவற்றை நாமே சேர்த்திருப்போம். இந்த மூன்றுதான் உங்கள் குறிப்புக்கான மூலப்பொருள்.

என் நோட்டின் அந்தப் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். இடது பக்கத்தின் முதல் வரி: "2020க்குள் இந்தியாவின் 21 நகரங்களில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நிதி ஆயோக் அறிக்கை எச்சரித்தது." வலது பக்கத்தில் கட்டுரையைப் பார்த்து எழுதியது: "21 பெருநகரங்களில் நிலத்தடி நீர் தீர்ந்துவிடக்கூடும்." நிலத்தடி நீர் என்ற சொல்லை என் மனம் தண்ணீர் என்று மாற்றிவிட்டது. "கூடும்" என்பதை "விடும்" என்று ஆக்கிவிட்டது. ஏரியும் ஆறும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் உள்ள ஒரு நகரத்தில் நிலத்தடி நீர் தீர்வதும், தண்ணீரே தீர்வதும் ஒன்றாகா. இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது என்று யோசித்தபோது, 2019 கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரிக்குப் பதிவு செய்து மூன்று வாரம் காத்திருந்த நினைவு மேலெழுந்தது. அந்தக் கோடையில் எங்களுக்கு நிலத்தடி நீர்தான் தண்ணீர். வேறு தண்ணீர் வீட்டுக்கு வரவில்லை. நான் கட்டுரையைத் தவறாக நினைவில் வைத்ததற்கு அதுவே காரணம், என் குறிப்பின் முதல் பத்தியும் அதுவே ஆயிற்று.

இடது பக்கத்தின் ஆறாவது வரியில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைக் கட்டுரையாளர் விவரித்திருந்ததாக எழுதியிருந்தேன். மூன்று கட்டுரைகளிலும் தேடினேன். ஒன்றில்கூட அது இல்லை. 2019 ஜூலை 12ஆம் நாள் வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நினைவை நானே கட்டுரைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஒப்பிடாமல் எழுதியிருந்தால், சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அந்தக் கட்டுரையாளரின் பெயரில் ஏற்றியிருப்பேன்.

மறந்துபோனவையும் கவனிக்கத்தக்கவை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, லண்டனில் பெய்வதோ சுமார் 600 மில்லிமீட்டர்தான் என்ற ஒப்பீடு மூன்றில் ஒரு கட்டுரையின் முதுகெலும்பு. ஆனால் அது என் பத்து வரிகளில் இல்லவே இல்லை. சென்னையை மழை குறைந்த ஊராகவே நான் மனத்தில் வைத்திருந்ததால் அந்தச் செய்தி உள்ளே நுழையவில்லை போலும். எந்தச் செய்தியை மனம் தள்ளிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்து எழுதினால், அந்தக் குறிப்பு உங்களைத் தவிர வேறு எவராலும் எழுத முடியாததாக இருக்கும்.

எண்ணைப் பின்தொடர்தல்

ஒரு கட்டுரையின் எல்லா எண்களையும் சரிபார்க்க நமக்கு நேரம் இருக்காது. கட்டுரையின் வாதம் எந்த ஓர் எண்ணின்மேல் நிற்கிறதோ, அதை மட்டும் அதன் பிறப்பிடம் வரை தேடிச் செல்லுங்கள். 21 நகரங்கள் என்ற எண்ணை நான் தேடிச் சென்றேன். மூன்று கட்டுரைகளில் இரண்டு அதை எடுத்தாண்டிருந்தன. இரண்டும் வேறு செய்திகளைச் சுட்டின, அச்செய்திகள் நிதி ஆயோக் 2018 ஜூனில் வெளியிட்ட கூட்டு நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையைச் சுட்டின. அறிக்கையில் டெல்லி, பெங்களூரு, சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட 21 பெருநகரங்களில் 2020க்குள்ளேயே நிலத்தடி நீர் தீரக்கூடும், ஏறத்தாழ 10 கோடிப் பேர் பாதிக்கப்படுவர் என்ற வாக்கியம் இருக்கிறது. 2020 வந்து போய்விட்டது. நான் வாழும் நகரத்திலேயே அந்த ஆண்டும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதைக் கண்டவுடன் கட்டுரையாளர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிடக் கூடாது. அவர் ஓர் அரசு நிறுவனத்தின் அறிக்கையில் உள்ளதைத்தான் எடுத்து எழுதினார். ஆனால் 2020 கடந்து பல ஆண்டுகளான பின் எழுதும் கட்டுரையில், அந்த முன்கணிப்பு என்ன ஆயிற்று என்று ஒரு வரி சேர்க்காதது குறை. அந்தக் குறையை அதன் அளவிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் பற்றிய கவலை அந்த ஓர் எண் பொருந்தாமல் போனதால் பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

எண்களை எழுதும்போது வாசகரின் கைக்கு எட்டும் அளவாக மாற்றித் தருவது நம் கடமை. கட்டுரைகளில் மில்லியன், பில்லியன் என்று வருவதைப் பத்து லட்சம், நூறு கோடி என்று மாற்றுங்கள். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். ஜோலார்பேட்டை ரயிலின் 50 தொட்டிகளில் வந்தது 25 லட்சம் லிட்டர். படித்தவுடன் மலைப்பாக இருக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 25,000 பேருக்கு ஒரு நாளைக்குப் போதும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் ஊற்றினால் ஏறக்குறைய 208 லாரி. இந்தக் கணக்கை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகுதான், அந்த ரயிலால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பது எனக்கே விளங்கியது.

படங்களுக்கும் இதே கவனம் தேவை. புழல் ஏரி நிறைந்திருப்பதும் வறண்டிருப்பதுமான இரண்டு செயற்கைக்கோள் படங்கள் 2019இல் உலகெங்கும் பரவின. இத்தகைய இணைப் படங்களைக் கண்டால் இரண்டும் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்று முதலில் பாருங்கள். மழைக்காலம் முடிந்த தை மாதத்து ஏரியையும், ஆனி மாதத்து ஏரியையும் பக்கத்தில் வைத்தால் எந்த ஆண்டிலும் வேறுபாடு தெரியும். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது, அதே நாளில் சென்ற ஆண்டு இருந்த அளவோடு ஒப்பிடுவதே பொருத்தமானது.

கட்டுரை சொன்னதும் நான் சொல்வதும்

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், தாம் ஏற்காத விளக்கம் ஒன்றைக் குறிப்பிட நேரும்போது "என்று உரைப்பாரும் உளர்" என்று எழுதி, அதன் பிறகு தம் கருத்தைச் சொல்வார். அடுத்தவர் கருத்து எங்கே முடிகிறது, தம் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதில் வாசகருக்கு ஐயமே எழாது. இந்த ஒழுங்கை நாமும் பின்பற்ற வேண்டும். "என்கிறார்", "என்று அறிக்கை கூறுகிறது", "என்று கட்டுரை வாதிடுகிறது", "என்று நான் கருதுகிறேன்", "என் அனுபவத்தில்" ஆகியவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், நீளமான ஒரு பத்தி முழுவதும் யாருடைய கருத்து என்று தெரியாமலே ஓடிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பிறர் கருத்தைச் சொல்லும் நீண்ட பத்தியை "கட்டுரையாளரின் பார்வையில்" என்று தொடங்கிவிடுவது பாதுகாப்பு. "எனக் கூறப்படுகிறது" என்பதை அறவே தவிர்க்க வேண்டும். கூறியவர் யார் என்று தெரிந்தால் பெயரைச் சொல்லலாம், தெரியாவிட்டால் அந்தச் செய்தியை விட்டுவிடலாம்.

ஒரு கருத்துக்கு எதிர்வினை என்றால் ஆதரிப்பது, எதிர்ப்பது என்ற இரண்டுதான் என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். நன்னூல் ஏழு வகை மதம், அதாவது பிறர் கருத்தின்மீது நாம் எடுக்கும் நிலைப்பாடு, சொல்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை இறுதிவரை நிறுவலாம். இருவர் முரண்படும்போது ஒன்றைத் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளலாம். எழுதத் தொடங்குமுன் இந்த ஏழில் நான் செய்யப்போவது எது என்று ஒரு சொல்லில் நோட்டின் மேல் மூலையில் எழுதிக்கொள்வது என் வழக்கம். குறிப்பு வழிதவறாமல் இருக்க அந்த ஒரு சொல் பெரிதும் உதவுகிறது.

சென்னைக் கட்டுரைகளில் எனக்கு வாய்த்தது ஐந்தாவது வகை. 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே 2019 பஞ்சத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டுரை சொன்னது. ஏரிகளும் சதுப்பு நிலமும் கட்டடங்களால் நிரப்பப்பட்டதே காரணம் என்று இன்னொன்று சொன்னது. 2015 டிசம்பரில் இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை நான் கண்ணால் பார்த்தவன். நான்கு ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் வெள்ளத்தையும் வறட்சியையும் அடுத்தடுத்துக் காண்கிறது என்றால், பெய்யும்போது பிடித்து வைக்கும் இடம் குறைந்துவிட்டது என்ற இரண்டாவது கட்டுரையின் வாதத்துக்கே நான் சாய்கிறேன். அதே வேளையில், மழை பொய்க்காத ஆண்டுகளில் இந்த அளவுப் பஞ்சம் வரவில்லை என்பதால் முதல் கட்டுரையைத் தள்ளிவிடவும் முடியாது. துணிந்த பக்கத்தையும், அதற்கு எதிராக நிற்கும் வலுவான காரணத்தையும் அருகருகே எழுதும்போதுதான் வாசிப்பவர் நம்மை நம்புவார்.

வீட்டு வாசலில் சரிபார்த்தல்

கட்டுரையில் உள்ள ஏதேனும் ஒரு செய்தியை நேரில் போய்ப் பார்க்க முடியுமானால், அந்த வாய்ப்பை விடாதீர்கள். மூன்றாவது கட்டுரை மழைநீர் சேகரிப்பைப் பற்றியது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டதையும், அதன் பின் நகரின் நீர்மட்டம் உயர்ந்ததையும், காலப்போக்கில் பல அமைப்புகள் பராமரிப்பின்றிப் போனதையும் அது விவரித்தது. எங்கள் அடுக்ககத்திலும் அப்படி ஓர் உறிஞ்சு குழி இருக்கிறது. கட்டுரையை வாசித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காவலாளி அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பின்புறம் இருசக்கர வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் உள்ள சிமெண்டுப் பலகையை நகர்த்திப் பார்த்தேன்.

மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் குழியின் வாய்வரை சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் குழியின் மேல் பரப்பில் ஒரு சாண் உயரத்துக்கு நுண்மணலும் மக்கிய வேப்பிலையும் படிந்து, களிமண் போல இறுகிக் கிடந்தன. குச்சியால் குத்திப் பார்த்தேன். விரல் நீளத்துக்குமேல் இறங்கவில்லை. அடியில் இருக்க வேண்டிய கருங்கல் ஜல்லி கண்ணிலேயே படவில்லை. "மழை பெஞ்சா இதுல தண்ணி நிக்கும் சார், அப்புறம் வழிஞ்சு ரோட்டுக்குப் போயிடும்" என்றார் அவர். கட்டுரையில் ஒரே வாக்கியமாக இருந்த "பராமரிப்பின்றிப் போனது" என்பதன் பொருள் எனக்கு அங்கேதான் தெரிந்தது. குறிப்பில் இந்தக் காட்சிக்குத்தான் அதிக இடம் கொடுத்தேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு குழியைப் பார்த்துவிட்டு நகரத்தின் எல்லாக் குழிகளும் இப்படித்தான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. "எங்கள் அடுக்ககத்தில்" என்று எழுதி அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்தல்

முதல் குறிப்பு நானூறு முதல் அறுநூறு சொற்களுக்குள் இருப்பது நல்லது. கட்டுரையின் சாரத்தைச் சொல்ல ஐந்தாறு வாக்கியங்களுக்குமேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த ஐந்தாறு வாக்கியங்களை மூலக் கட்டுரையாளரே படித்தாலும் "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மறுக்கப்போகும் கட்டுரையாக இருந்தால் இந்தக் கவனம் இருமடங்கு தேவை. பிறர் வாதத்தை மெலிதாக்கிக் காட்டிவிட்டு அதை முறியடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

மேற்கோள்களைக் குறைவாக ஆளுங்கள். கட்டுரையாளரின் சொற்களே வேண்டும் என்ற இடத்தில் ஒன்றிரண்டு வாக்கியங்களை மேற்கோள்குறிக்குள் இட்டு, அவர் பெயரையும் சொல்லிவிட்டால் போதும். திறனாய்வுக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. பத்தி பத்தியாக எடுத்துப் போடுவது அதில் அடங்காது.

ஆங்கிலக் கட்டுரையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கக் கூடாது. மூடிவைத்துவிட்டு எழுதும் முறை இங்கேயும் கைகொடுக்கும். நினைவிலிருந்து எழுதும்போது ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு மறைந்து, பொருள் மட்டும் தமிழில் வரும். குரல்வழித் தட்டச்சில் எழுதுபவர்கள் ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் ஒற்று மிகும் இடங்களையும் கட்டாயம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கருவி "ஏரி"யை "ஏறி" என்று எழுதிவிட்டால், தண்ணீரைப் பற்றிய கட்டுரையில் அது சிறிய பிழையன்று.

எழுதியதை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் காலையில் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். "மிகவும்", "உண்மையிலேயே", "அற்புதமான" போன்ற சொற்களை அடித்துவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் வாக்கியம் இன்னும் உறுதியாகவே நிற்கும். பிறகு ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் மூலக் கட்டுரையோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். நேர நெருக்கடியால் நான் விட்டுவிட்டு வருந்திய படி இது ஒன்றுதான். ஒருமுறை வட்டத்தில் வாசித்த குறிப்பில் மில்லியன் கன அடியை மில்லியன் லிட்டர் என்று எழுதியிருந்தேன். பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், நான் வாசித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அந்தத் திருத்தத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தேன். நீங்களும் பிழை தெரிந்தால் பழைய வரியை அழிக்காமல், அதன் அருகில் திருத்தத்தையும் திருத்திய நாளையும் எழுதிவையுங்கள்.

இறுதியாக, குறிப்பின் அடியில் விடை கிடைக்காத ஒரு கேள்வியை எழுதி, அதற்கு விடை எங்கே, எப்போது கிடைக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, பழைய குறிப்புக்குள் மீண்டும் நுழைய அதுவே வாசல். என் குறிப்பின் அடியில் இருக்கும் கேள்வி இது: உறிஞ்சு குழியைத் தூர்வாரிப் புது ஜல்லி போட்டால், பக்கத்தில் உள்ள எங்கள் திறந்த கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு உயரும்? குழியைச் சுத்தம் செய்யச் சங்கக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டேன், புரட்டாசிக்குள் வேலை முடிந்துவிடும். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்ததில், கிணற்றின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை இன்று 21 அடி. அதை நாளோடு எழுதி, அதன் கீழே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று வரிகளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.